திதியா? நீதியா?

நினைவுநாள் கூட்டம் ஒன்று முடிந்தது. படத்திற்கு மாலை சூட்டினோம்; எழுந்து நின்று சிறிது நேரம் அமைதி காத்தோம்; உணர்ச்சி மிக்க உரைகளைக் கேட்டோம். கூட்டம் கலைந்த பின்னர், கொடிக்கம்பத்தின் அடியிலே நின்று தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்:

"புரோகிதரை வரவழைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்துக் காக்கையைக் கூவி அழைக்கிறவனைப் பார்த்து, 'செத்தவரா வந்து சாப்பிடப் போகிறார்?' என்று கேட்கிறோம். நாம் போட்ட மாலையைச் செத்தவரா வந்து வாங்கிக்கொண்டார்? அவன் செய்தால் மடமை, நாம் செய்தால் மரியாதையா? அவனுக்கு எள், நமக்கு மலர்! இதைவிட வேறுபாடு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!"

சுரீரென்று தைத்தது அந்தக் கேள்வி. கேட்டவர் எதிரியல்லர், நம்மவர். கேலிக்காகக் கேட்கவில்லை; தெளிவுக்காகக் கேட்டார். ஊரார் செய்கிற சடங்கை உரசிப் பார்க்கும் நாம், நம் வீட்டுப் பழக்கத்தை உரசிப் பார்க்க மறுத்தால், அதற்குப் பகுத்தறிவு என்று பெயரா? ஊருக்கு உபதேசம் என்றல்லவா பெயர்!

உயிர் என்று ஒன்று தனியே பிரிந்து, வானத்தில் வழிதேடி அலைகிறது என்பதை நாம் நம்பவில்லை. மேலுலகம் இல்லை, மறுபிறவி இல்லை. இறந்தவரைப் புகழ்ந்தால் அவர் மகிழப்போவதில்லை. இகழ்ந்தால் வருந்தப்போவதும் இல்லை. அப்படியானால், இறந்தவருக்கு நாம் கடன்பட்டிருக்க முடியுமா? பெற்றுக்கொள்ள ஆளில்லாத கடனும் ஒரு கடனா?

விடை தேடி அலைந்த எனக்கு, 38 பெண்களின் வரலாறு விடை தந்தது. கடல் கடந்த நாட்டின் வரலாறு அது. ஆனால், நம் தோழரின் கேள்விக்கு அதைவிட நேரான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது உலகப் போர்க் காலம். அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து விமானங்கள் நாள்தோறும் வெளிவந்தபடி இருந்தன. அவற்றைப் படைத்தளங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஓட்டிச் சென்று சேர்க்க விமானிகள் போதவில்லை. ஆண்கள் போர்முனைக்குத் தேவைப்பட்டனர். 1942-ஆம் ஆண்டு நான்சி லவ் என்ற பெண்மணி, ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்த பெண்களைக் கொண்டு ஓர் அணியைத் திரட்டினார். ஜாக்குலின் காக்ரன் என்ற புகழ்பெற்ற விமானி, புதிய பெண்களைப் பயிற்றுவிக்கும் பணியைத் தொடங்கினார். 1943 ஆகஸ்டில் இரண்டு அணிகளும் ஒன்றாயின. பெண் விமானப்படைச் சேவை விமானிகள் என்பது அந்த அமைப்பின் பெயர், சுருக்கமாக 'வாஸ்ப்'. குளவி என்று பொருள்படும் சொல் அது!

பணிக்கு வர விரும்பி எழுதியோர் 25,000 பேர். எடுத்துக்கொள்ளப்பட்டோர் 1,830 பேர். டெக்சாஸ் மாநிலத்தில், பெரும்பாலும் ஸ்வீட்வாட்டர் என்னும் சிற்றூரை அடுத்த புழுதி பறக்கும் விமானத்தளத்திலே பயிற்சி பெற்றுத் தேறியோர் 1,074 பேர். அங்கு வந்து சேரும் வழிச்செலவுகூட அவர்கள் கைப்பணந்தான்!

அவர்கள் செய்த வேலை யாது? பிரதிநிதிகளாகப் போய்ப் பூச்செண்டு கொடுக்கும் வேலையா? இல்லை! 12,000-க்கும் மேற்பட்ட விமானங்களை உரிய இடம் சேர்த்தனர். பழுது பார்க்கப்பட்ட விமானம் பறக்கத் தகுந்ததா என்று, முதன்முதல் தாமே ஏறிப் பறந்து சோதித்தனர். நீண்ட துணிப்பட்டையை விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துச் சென்றனர். தரையிலே நின்ற பயிற்சி வீரர்கள் அந்தத் துணியைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினர். சுடுகிறவன் புதியவன், துப்பாக்கியிலே இருப்பதோ மெய்யான குண்டு! குறி தவறினால் குண்டு எங்கே பாயும் என்பதை எண்ணிப் பாருங்கள். இப்படியாக அவர்கள் பறந்த தொலைவு ஏறத்தாழ 6 கோடி மைல்.

அந்தப் பணியிலே மாண்டவர்கள் 38 பேர். பயிற்சியின்போது 11 பேர். பணியின்போது 27 பேர்.

கார்னீலியா ஃபோர்ட் என்ற இளம்பெண்ணின் வரலாற்றைக் கேளுங்கள். 1941 டிசம்பர் 7. பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் குண்டு பொழிந்த அந்தக் காலை நேரத்தில், மாணவர் ஒருவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தபடி அவர் அதே வானத்தில் பறந்துகொண்டிருந்தார். எதிரே பாய்ந்து வந்த ஜப்பானிய விமானத்தின் மீது மோதாமல், விமானத்தை மேலே இழுத்து உயிர் தப்பினார். போர் தன்னைத் தேடி வந்ததைக் கண்ட அந்தப் பெண், பிறகு தானே போர்ப் பணியைத் தேடிச் சென்றார். 1943 மார்ச் 21 அன்று, டெக்சாஸ் வானத்திலே, கூட வந்த விமானத்தோடு மோதி மாண்டார். வயது 24.

மாண்டவர்க்கு நாடு என்ன செய்தது? இங்கேதான், தோழர்களே, நெஞ்சு கொதிக்கிறது.

ஒன்றும் செய்யவில்லை! படைக்குப் போட்ட சட்டமே இவர்களுக்கும். படைத்தலைவர் இட்ட கட்டளையே இவர்களுக்கும். விமானத்தில் இருந்த முத்திரை படையின் முத்திரை. ஆனால், செத்து விழுந்ததும், "இவர் படைவீரர் அல்லர், குடிமக்கள் வகையைச் சேர்ந்த ஊழியர்" என்று கூறியது ஏடு! படைவீரர்க்கு உரிய காப்பீடு இல்லை. இறுதிச் சடங்கிற்கான செலவுத் தொகை இல்லை. சவப்பெட்டியின் மீது போர்த்த நாட்டுக் கொடி இல்லை. மகனைப் போரில் இழந்த தாய் தன் வீட்டுச் சன்னலில் பொன் நிற விண்மீன் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். மகளை இழந்த இந்தத் தாயர்க்கு அந்த உரிமையும் இல்லை. உடலை ஊருக்கு அனுப்பப் பணம்? உடன் பணியாற்றிய பெண்களே, தம் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் திரட்டினர்!

உயிரைக் கேட்டபோது, 'நீ எங்கள் படை' என்றது நாடு. உடல் வந்தபோது, 'நீ யாரோ' என்றது. என்ன கணக்கு இது!

அவர்களைப் படையில் சேர்க்க 1944-இல் நாடாளுமன்றத்திலே ஒரு சட்ட முன்வரைவு வந்தது. விமானப்படைத் தலைவர் ஆர்னால்டே அதை ஆதரித்தார். ஆயினும் தோற்கடிக்கப்பட்டது! அப்போது பயிற்சித் திட்டங்கள் சுருங்கி வேலை இழந்து கொண்டிருந்த ஆண் விமானிகள், காலாட்படைக்கு அனுப்பப்படுவோமோ என்று அஞ்சிக் கூச்சலிட்டனர். இதழ்கள் சிலவும் அந்தக் கூச்சலுக்கு ஒத்து ஊதின. 1944 டிசம்பர் 20 அன்று அமைப்பே கலைக்கப்பட்டது. கலைப்பதற்குச் சில நாட்களுக்கு முன், அதே ஆர்னால்டு, பெரிய விமானங்களைப் பெண்களால் ஓட்ட முடியுமா என்று தனக்கிருந்த ஐயம் தீர்ந்துவிட்டது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஐயம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது!

'அந்தக் காலம் அப்படி' என்று சமாதானம் சொல்லுவோர் உண்டு. அதே காலத்தில், அதே போரில், மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம்.

பிரிட்டனிலும் பெண்கள் விமானங்களை இடம் சேர்த்தனர். அவர்களும் குடிமக்கள் வகைதான். ஆனால் 1943-இல் அவர்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் வழங்கப்பட்டது. அந்தப் பணியில் 1941 ஜனவரி 5 அன்று தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் விழுந்து மறைந்த ஏமி ஜான்சனின் உடல் கிடைக்கவில்லை. 1953-இல் ரன்னிமீடு என்னுமிடத்தில், கல்லறை இல்லாத விமானப் படையினர்க்கென எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்திலே, ஆண்களின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கேயே இன்னொரு பெயரும் இருக்கிறது: நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழியில் வந்தவர். பிரிட்டனின் பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றவர். 1943-இல் நாசிகளின் பிடியிலிருந்த பிரான்சிலே மறைந்திருந்து செய்தி அனுப்பியவர். 1944 செப்டம்பரில் டாகாவ் சிறைமுகாமில் கொல்லப்பட்டவர்.

சோவியத் நாடோ, 1941-இலேயே பெண்களைக் கொண்ட மூன்று விமானப் படைப்பிரிவுகளை அமைத்துப் போர்முனைக்கே அனுப்பியது. மரத்தாலும் துணியாலும் ஆன சிறு விமானங்களில், இரவிலே பறந்து குண்டு போட்ட பிரிவில் மட்டும் 23 பேர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றனர். ஆக, பெண்ணின் கை விமானத்தைத் தாங்காது என்பதும் பொய். அவளைப் படைவீரர் என்று அழைக்க அந்தக் காலத்தில் வழியில்லை என்பதும் பொய். மனம் இருந்த இடத்தில் வழி இருந்தது.

சோவியத் நாட்டிலும் கறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பகை விமானங்கள் பலவற்றை வீழ்த்திய லிடியா லிட்வியாக், 1943 ஆகஸ்டு முதல் நாளில், 22 வயது நிரம்புமுன் வானிலே மறைந்தார். உடல் கிடைக்காத காரணத்தால், பகைவரிடம் சிக்கியிருப்பாரோ என்ற ஐயம் எழுந்தது, விருது நிறுத்தப்பட்டது. 1990-இல்தான் வழங்கப்பட்டது. செத்ததற்குச் சான்று கேட்டனர், உயிரையே கொடுத்தவளிடம்!

மீண்டும் அமெரிக்காவிற்கு வருவோம். 38 பேரில் ஒருவர் ஹேசல் யிங் லீ. சீனப் பெற்றோர்க்கு, ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் 1912-இல் பிறந்தவர். 1932-லேயே விமானம் ஓட்டக் கற்றவர். ஜப்பானியர் சீனத்தைத் தாக்கியபோது, பெற்றோரின் நாட்டிற்கே சென்று விமானப்படையில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தது சீனம். திரும்பி வந்து 'வாஸ்ப்' அணியில் சேர்ந்தார். 1944 நவம்பர் 23 அன்று, நட்பு நாடான சோவியத்துக்குச் செல்லவிருந்த போர் விமானம் ஒன்றை மான்டானா மாநிலத்துத் தளத்தில் இறக்கும்போது, மற்றொரு விமானம் மோதித் தீப்பற்றியது. இரண்டு நாள் துடித்து மாண்டார். அந்தச் செய்தி வந்த மூன்று நாளில், குடும்பத்திற்கு இன்னொரு தந்தி. பீரங்கி வண்டிப் படையில் இருந்த அவருடைய தம்பி பிரான்சிலே கொல்லப்பட்டார்!

ஒரு வாரத்திற்குள் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பம், இருவரையும் அடக்கம் செய்ய ஓர் இடம் தேர்ந்தெடுத்தது. இடுகாட்டு நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? "அது வெள்ளையர் பகுதி. ஆசியர்க்கு இடமில்லை!"

சுடுகாட்டுப் பாதையில் கூடச் சாதி மறிக்கும் நாட்டிலே வாழ்கிற நமக்கு, அந்த ஒலி புதிதாகவா இருக்கிறது? கடலுக்கு அப்பால் நிறம். கடலுக்கு இப்பால் பிறப்பு. குரல் ஒன்றுதான். அந்தக் குடும்பம் பணியவில்லை. வழக்காடியது, வாதாடியது, வென்றது. ஆற்றை நோக்கிய சரிவிலே, தாங்கள் விரும்பிய இடத்திலேயே அக்காளையும் தம்பியையும் அடக்கம் செய்தனர்.

இங்கே நின்று, தோழரின் கேள்வியை மீண்டும் கேட்போம். ஆறு தெரியும் சரிவா, மூலையில் ஒதுங்கிய மண்ணா என்பது இறந்துபோன ஹேசலுக்குத் தெரியுமா? தெரியாது. அப்படியிருக்க அந்தக் குடும்பம் ஏன் போராடியது? பிணத்துக்கு நல்ல காற்று வேண்டுமென்றா? இல்லை. 'இவள் இழிந்தவள்' என்று ஊர் எழுதவிருந்த ஒரு பொய்யை எழுதவிடாமல் தடுத்தனர். அந்தப் பொய் எழுதப்பட்டிருந்தால், அதன் கீழே நசுங்கியிருப்பவர்கள் இறந்தவர்கள் அல்லர். அதே நகரத்தில் அதே முகச்சாயலோடு வாழ்ந்து கொண்டிருந்தவர்கள்.

பொய்க்கு ஆயுள் அதிகம். 'வாஸ்ப்' பெண்களின் வரலாறு மூட்டை கட்டி வைக்கப்பட்டது, மக்கள் மறந்தனர். 1976-இல் அமெரிக்க விமானப்படை, பெண்களுக்கு விமானப் பயிற்சி அளிக்கப் போவதாக அறிவித்தது. இதுவே முதல் முறை என்று செய்தியும் பரவியது. முதல் முறையாம்! 38 பேர் செத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்பு, முதல் முறை! தலை நரைத்துப் போயிருந்த பழைய விமானிகள் கொதித்தெழுந்தனர். நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினர். 1977 நவம்பரில், அவர்களையும் போர்ப் படையினராக ஏற்றுக்கொள்ளும் சட்டம் வந்தது. 2010 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் பொற்பதக்கம் வழங்கப்பட்டபோது, விழாவிற்கு வந்து சேர முடிந்தவர்கள் ஏறத்தாழ 200 மூதாட்டிகளே.

அதோடு முடிந்ததா? எலைன் ஹார்மன் என்ற 'வாஸ்ப்' விமானி 2015-இல், 95-ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் தம் சாம்பலை வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இடமில்லை என்றது இராணுவத் துறை. 1944-இல் கேட்ட அதே குரல்! பேத்திமார் அந்தச் சாம்பலை வீட்டு அலமாரியிலே வைத்துக்கொண்டு போராடினர். 2016 மே மாதம் புதிய சட்டம் வந்தது. செப்டம்பரில் சாம்பல் இடம் சேர்ந்தது.

இப்போது சொல்லுகிறேன், திதிக்கும் நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை. திதி, இறந்தவருக்குப் பசிக்கிறது என்கிறது; ஆண்டுக்கு ஒருமுறை பசியாற்றிவிட்டு மறந்துவிடச் சொல்கிறது. கேள்வி கேளாதே என்கிறது. நினைவோ, இறந்தவரைப் பற்றி ஏட்டில் எழுதியது மெய்யா என்று கேட்கிறது. பொய்யென்றால் திருத்தச் சொல்கிறது. கடனைப் பெற இறந்தவர் வரமாட்டார்; உண்மைதான். ஆனால் பொய்க் கணக்கு எழுதிய கை நம்முடையது. அந்தக் கணக்கை நம்பி நாளை ஏமாறப் போகிறவர்கள் நம் பிள்ளைகள். 'உன் இனத்தில் எவளும் பறந்ததில்லை' என்று பள்ளிப் பெண்ணிடம் சொல்லுகிற ஏடு, 38 பேரை இரண்டாம் முறை கொல்கிறது. அந்தப் பெண்ணின் சிறகையும் சேர்த்து ஒடிக்கிறது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பெண்ணை நினைப்பதாகச் சொல்லி அவளைத் தெய்வமாக்கி மூலையில் உட்கார்த்தும் கலையிலே நாம் கைதேர்ந்தவர்கள். போரில் வீழ்ந்த ஆடவனுக்கு நடுகல் நட்டோம். பெயரையும் செயலையும் பொறித்தோம். பெண்ணுக்கும் கல் நட்டோம், எதற்கு? கணவனின் சிதையில் எரிந்ததற்கு! அவன் செய்ததற்குக் கல். அவளுக்கு நேர்ந்ததற்குக் கல். தீப்பாய்ந்தவளுக்குப் பொங்கல் வைத்தவர்கள், அவளை ஏன் தீயில் விட்டோம் என்று கேட்டார்களா? கும்பிடுகிற கைக்குக் கேட்கத் தோன்றாது.

ஆகவே, இந்த 38 பேரைத் தேவியர் என்று பாட வேண்டாம். குறையும் சேர்த்தே சொல்லுவோம். அந்த அமைப்பின் தலைவி ஜாக்குலின் காக்ரன், தகுதி பெற்ற கருநிறப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். ஜேனட் பிராக் என்ற விமானி அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்டவரே, நிறத்தைக் காட்டி ஒதுக்கினார்! வழிபாட்டுக்கு இந்தச் செய்தி இடைஞ்சல். நினைவுக்கு இது தேவை. ஒடுக்கப்பட்டவர் கையிலும் ஒடுக்கும் கோல் வந்து சேரும் என்பதை நாமும் அறிந்துகொள்ள வேண்டாமா?

"போரை வெறுக்கும் நாம், போரில் செத்தவரைப் போற்றலாமா?" என்றும் சிலர் கேட்கக் கூடும். போரைப் போற்றவில்லை. பிறப்பால் உயர்ந்த இனம் என்று கூறி மக்களைக் கொன்று குவித்த கூட்டத்தை எதிர்த்து நடந்தது அது. அந்த எதிர்ப்பிலே பங்கு கொண்டோருள்ளும், பிறப்பைக் காட்டிச் சிலருக்கு மட்டும் கொடி மறுக்கப்பட்டதே, அந்த முரணை நினைவில் வைக்கிறோம்.

கொடிக்கம்பத்தின் அடியிலே நின்று கேட்ட தோழருக்கு என் விடை இதுதான்: நீங்கள் ஐயப்பட்டது சரி. மாலை போட்டுக் கலைந்தால், அது திதியே. எள்ளுக்குப் பதில் மலர், அவ்வளவுதான். அடுத்த நினைவுநாளில் மாலைக்குப் பின் மூன்று கேள்விகள் கேட்போம். இவர் செய்தது என்ன? இவருக்கு மறுக்கப்பட்டது என்ன? அதே மறுப்பு இன்று யாருக்கு நடக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் கூட்டத்தை முடித்துக்கொண்டு அந்த இடத்திற்குப் போவோம்.

தன் தோழியின் உடலை ஊருக்கு அனுப்பத் தன் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துப் போட்டாளே பெயர் தெரியாத ஒரு பெண், அவள் எந்த மந்திரமும் சொல்லவில்லை. நாடு கொடுக்க மறுத்ததை, தன் கைப்பணத்தால் கொடுத்தாள். இறந்தவர்க்குச் செய்ய வேண்டியது என்ன என்பதை அவளிடம் கற்றுக்கொள்வோம்.